இயங்க மறுக்கும் பழைய கார்: எரிபற்றல் நேரத்தைச் சீர்செய்யும் முறை

மரக்கறி மூட்டைகளை ஏற்றிச் சந்தைக்குப் புறப்படும் வேளையில் கார் இயங்க மறுக்குமாயின், பிந்திச் சேரும் சரக்கு வாடி விலை குறைந்துவிடும். மொறிஸ் மைனர் 1000 கார் 1956 இல் 948 கன சதமமீற்றர் எஞ்சினுடனும், 1962 முதல் 1098 கன சதமமீற்றர் எஞ்சினுடனும் வெளிவந்தது. இதன் எஞ்சினை உதாரணமாகக் கொண்டு, குறையைக் கண்டறியும் முறையை இங்கு விளக்குவோம்.

எரிபற்றல் நேரம் என்பது யாது?

பிஸ்ரன் மேலேறி, பெற்றோல் ஆவியும் காற்றும் கலந்த கலவையை அமுக்குகின்றது. அது உச்சியை அடைவதற்குச் சற்று முன்னர் பிளக்கில் தீப்பொறி தோன்றுதல் வேண்டும். தீ பரவுவதற்குச் சிறிது நேரம் செல்லுமாதலால் இம்முந்துதல் அவசியமாகும். மிக முந்தினால், மேலேறும் பிஸ்ரன் எதிர்த்துத் தள்ளப்படும்; கைபிடி பின்னோக்கி உதைக்கும். மிகப் பிந்தினால் எஞ்சின் சுழலுமேயன்றிப் பற்றாது. பற்றினும் வலுவின்றிச் சூடேறும்.

முதலில் கவனிக்க வேண்டியவை

நேற்று நன்றாக ஓடிய காரின் எரிபற்றல் நேரம் ஓரிரவில் தானாக மாறுவது அரிது. ஆகவே எடுத்தவுடன் டிஸ்ரிபியூற்றரைத் திருப்புதல் தவறாகும். பின்வருவனவற்றை ஒழுங்காகப் பாருங்கள்.

1. பெற்றோல் காபரேற்றரை அடைகின்றதா? பற்றரிக்கு வலு உண்டா?

2. ஒரு பிளக்கின் வயரைக் கழற்றி, உலர்ந்த துணியாற் பிடித்து, அதன் முனையை எஞ்சினின் வெற்று உலோகத்திலிருந்து ஏறக்குறைய 6 மில்லிமீற்றர் தூரத்தில் வைத்து எஞ்சினைச் சுழற்றுவியுங்கள். நீலநிறத் தீப்பொறி பாய்தல் வேண்டும். காபரேற்றருக்கு அருகில் இதனைச் செய்தலாகாது, தீப்பிடிக்கும்.

3. தீப்பொறி இல்லையெனில், டிஸ்ரிபியூற்றரின் மூடியைத் திறந்து, பனியீரத்தைத் துடைத்து, வெடிப்பு உண்டோவெனப் பாருங்கள். ரோற்றரையும் அவ்வாறே சோதியுங்கள்.

4. பொயின்ற் முனைகளைச் சுத்தஞ் செய்து, அவை முழுதாக விரிந்த நிலையில் இடைவெளியை 0.4 மில்லிமீற்றராக வையுங்கள். இடைவெளி குறைந்தால் நேரம் பிந்தும், கூடினால் முந்தும். ஆதலால் இதனைச் சரிசெய்த பின்னரே நேரத்தைத் தொடுதல் வேண்டும்.

5. பிளக் வயர்கள் 1, 3, 4, 2 என்னும் ஒழுங்கில் உளவா? முதலாம் சிலிண்டர் ரேடியேற்றரை அடுத்துள்ளது. ரோற்றர் மேலிருந்து பார்க்கையில் இடஞ்சுழியாகச் சுழலும்.

இவையெல்லாம் சரியாயிருந்தும் எஞ்சின் பற்றாவிடின், அல்லது டிஸ்ரிபியூற்றர் அண்மையிற் கழற்றப்பட்டிருந்தால், அன்றி அதன் பிடி தளர்ந்திருந்தால், நேரத்தைச் சோதித்தல் தகும்.

சீர்செய்யும் முறை

சமதரையில் காரை நிறுத்தி, சாவியை மூடிய நிலையில் நான்கு பிளக்குகளையும் கழற்றுங்கள். நான்காம் கியரிலிட்டு ஒருவர் காரை மெல்ல முன்தள்ள, நீங்கள் முதலாம் பிளக் துவாரத்திற் பெருவிரலை வையுங்கள். காற்று விரலைத் தள்ளுமாயின் அதுவே அமுக்க வீச்சாகும். பிஸ்ரன் இரு சுற்றில் இருமுறை உச்சிக்கு வருமாதலால், இதனைப் பாராது விட்டால் எல்லா வேலையும் வீணாகும்.

முன்கப்பியின் வெட்டு, எஞ்சினின் முன்மூடியிலுள்ள கூர்களுக்கு நேரே வரும். நீண்ட கூர் உச்சியையும், மற்றையவை உச்சிக்கு முந்திய 5, 10 பாகைகளையும் காட்டும். எஞ்சினின் வகைக்கேற்ப ஏறக்குறைய 3 முதல் 5 பாகை வேண்டும். காரின் கைந்நூலிற் கூறிய அளவையே கொள்ளுங்கள். குறியைத் தாண்டிவிட்டால், நன்றாகப் பின்வாங்கி மீண்டும் முன்னோக்கி வாருங்கள். இப்போது ரோற்றர் முதலாம் வயரின் முனையை நோக்கி நிற்றல் வேண்டும்.

12 வோல்ற் சிறுவிளக்கொன்றின் ஒரு வயரை, கொயிலிலிருந்து டிஸ்ரிபியூற்றரின் பக்கத்திற்கு வரும் மெல்லிய வயரின் முனையிலும், மற்றதை எஞ்சினின் உலோகத்திலும் இணைத்து, சாவியைத் திறவுங்கள். பொயின்ற் மூடியிருக்கையில் விளக்கு அணைந்திருக்கும். விரியும் கணத்தில் எரியும். டிஸ்ரிபியூற்றரின் பிடியைத் தளர்த்தி, விளக்கு அணையும்வரை இடஞ்சுழியாகவும், பின்னர் விளக்கு எரியத் தொடங்கும் கணம்வரை மெல்ல வலஞ்சுழியாகவும் திருப்புங்கள். அவ்விடத்தில் இறுக்குங்கள். எஞ்சினை இரு சுற்று முன்சுழற்றி, அதே குறியில் விளக்கு எரிகின்றதாவெனச் சரிபாருங்கள். சாவியை நெடுநேரம் திறந்துவைத்தால் கொயில் சூடேறிப் பழுதாகும்.

எச்சரிக்கை

கைபிடியாற் சுழற்றும்போது கியர் நடுநிலையில் இருத்தல் வேண்டும். பெருவிரலை மற்றை விரல்களின் பக்கமே வைத்து, கைபிடியை மேல்நோக்கி இழுங்கள். ஒருபோதும் கீழ்நோக்கி அழுத்தலாகாது. நேரம் முந்திய எஞ்சின் உதைத்தால் மணிக்கட்டு முறியும்.

வேலை முடிந்ததும் பொயின்ற் இடைவெளியையும் பாகையையும் ஒரு தாளிலெழுதிக் காரிலேயே வையுங்கள். அடுத்தமுறை கார் நின்றால், எதைத் தொடவேண்டும், எதைத் தொடவேண்டியதில்லை என்பதை அத்தாள் காட்டும்.