கொயரோட ரயிலேறப் போறியா? அக்கா சொல்றதைக் கேளு

லண்டன்ல இருந்து வியன்னாவுக்கு 38 பேர் கொயர். ஃப்ளைட் வேணாம், ரயில்லயே போயிட்டு வரலாம்னு கமிட்டியில கை தூக்கிட்டாங்க, கடைசியில ஏற்பாடு பண்ற வேலை உன் தலையில விழுந்திருச்சு. அதானே விஷயம்? நல்ல முடிவுதான். ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கோ. ஐரோப்பாவுல தனியா ரயிலேறிப் பழகினவங்களுக்குக் கூட்டத்தைக் கூட்டிட்டு ஏறத் தெரியும்னு சொல்ல முடியாது. அது வேற வித்தை.

முதல்ல மாறுற நேரம். தனி ஆள் எட்டு நிமிஷத்துல ஒரு பிளாட்ஃபாரத்துல இறங்கி இன்னொண்ணுல ஏறிடலாம். 38 பேருக்கு அந்த எட்டு நிமிஷம் லிஃப்ட் வாசல்லயே தீர்ந்துடும். ஒருத்தருக்கு முட்டிவலி, ஒருத்தருக்கு பாத்ரூம், ஒருத்தர் காபி வாங்கப் போனவர் போனவர்தான். ஆப் காட்டுற கனெக்‌ஷன் எல்லாம் தனி ஆளுக்குப் போட்ட கணக்கு. நீ ஒரு மணி நேரத்துக்குக் குறைஞ்சு எதையும் ஒத்துக்காதே. ஜெர்மனியில ரெண்டு மணி நேரம் விடு. அங்கே ரயில்னா கடிகாரம் மாதிரி ஓடும்னு நம்ம ஊர்ல இன்னும் பேசிக்கிறாங்க. ஜெர்மன் ரயில்வே தானே வெளியிட்ட கணக்குப்படி 2024ல நெடுந்தூர ரயில்கள்ல 62.5 சதவீதம்தான் நேரத்துக்கு வந்துச்சு. அதுவும் ஆறு நிமிஷத்துக்குள்ள வந்தா லேட்டே இல்லைன்னு வெச்சுப் போட்ட கணக்கு! போய்ச் சேர்ற அன்னிக்கே கச்சேரி வெக்கிற யோசனை யாராவது சொன்னா, சிரிச்சுக்கிட்டே மறுத்துடு.

ரூட்டுக்கு ரொம்ப யோசிக்க வேணாம். லண்டன் செயின்ட் பேங்க்ரஸ்ல இருந்து யூரோஸ்டார்ல பிரசல்ஸ் சுமார் ரெண்டு மணி நேரம். அங்கே மாறினா கொலோன் இன்னொரு ரெண்டு மணி நேரம். கொலோன்ல சாயங்காலம் நைட்ஜெட்ங்கிற ராத்திரி ரயில் ஏறினா மறுநாள் காலையில வியன்னா. நடுவுல கொலோன்ல கிடைக்கிற நேரம் வீண் இல்ல. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தா எதிரேயே 157 மீட்டர் உயரக் கதீட்ரல். 1248ல ஆரம்பிச்சு 1880லதான் கட்டி முடிச்சாங்க. பெட்டியை ஸ்டேஷன் லாக்கர்ல போட்டுட்டுப் போய்ப் பார்த்துட்டு வரலாம். உள்ளே போய் திடீர்னு பாட ஆரம்பிச்சுடாதீங்க. முன்கூட்டி அனுமதி வாங்கணும்.

செயின்ட் பேங்க்ரஸ்ல ஃபிரெஞ்சு எல்லைச் சோதனையும் லண்டன்லயே முடிஞ்சுடும். ரயில் கிளம்ப 30 நிமிஷம் முன்னாடி கேட்டை மூடிடுவாங்க, கெஞ்சினாலும் திறக்க மாட்டாங்க. இந்தியா, இலங்கை பாஸ்போர்ட் வெச்சிருக்கிறவங்களுக்குக் கூடுதல் நேரம் ஆகும். 2025 அக்டோபர்ல இருந்து ஐரோப்பிய யூனியன் பாஸ்போர்ட் இல்லாம அங்கே போக வர்றவங்களைக் கணினியில பதிவு பண்ற முறை வேற வந்திருக்கு. அதனால இந்தியா, இலங்கை பாஸ்போர்ட்காரங்களை வரிசையில முதல்ல நிறுத்து, கடைசியில விடாதே.

டிக்கெட்டுக்கு ரெண்டு வழி. ஒண்ணு குரூப் டிக்கெட். யூரோஸ்டார்ல 10 பேர்ல இருந்து, ஜெர்மன் ரயில்ல 6 பேர்ல இருந்தே குரூப் கட்டணம் உண்டு. இன்னொண்ணு 1972ல இருந்து வர்ற இன்டர்ரெயில் பாஸ். இந்தியாவுல இருந்து வந்து சேர்ந்துக்கிறவங்களா இருந்தா யூரெயில். பாஸ் இருந்தா ஜெர்மனி, ஆஸ்திரியாவுல வண்டி தவறினாலும் அடுத்ததுல ஏறிக்கலாம். ஆனா யூரோஸ்டார்ல பாஸ்காரங்களுக்கு ஒதுக்குற சீட்டு கொஞ்சம்தான், ரிசர்வேஷனுக்குத் தனியா காசும் கட்டணும். 38 சீட்டு ஒரே வண்டியில கிடைக்கும்னு கனவு காணாதே. என் ஓட்டு குரூப் டிக்கெட்டுக்கு. எத்தனை கம்பெனி வண்டியில போனாலும் முடிஞ்சவரை ஒரே டிக்கெட்டா வாங்கு. தனித்தனியா வாங்கினா முதல் வண்டி லேட்டாகி ரெண்டாவது போயிட்டா, புது டிக்கெட் உன் செலவு. ஒரு மணி நேரம் லேட்டா கொண்டுபோய்ச் சேர்த்தா டிக்கெட் விலையில 25 சதவீதம், ரெண்டு மணி நேரம்னா 50 சதவீதம் திரும்பக் கேட்கலாம், அது ஐரோப்பிய யூனியன் சட்டம். குரூப் டிக்கெட் ஒரே தாளா வரும். அதை உன் கைப்பையில மட்டும் வெச்சுக்காம எல்லா லீடர் போனுக்கும் அனுப்பிடு.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். 38 பேரை ஆறு குழுவாப் பிரி, குழுவுக்கு ஒரு லீடர். எல்லாரும் குரல்வாரியா உட்காரத்தான் ஆசைப்படுவாங்க, சோப்ரானோ எல்லாம் ஒரு பக்கம், டெனர் எல்லாம் ஒரு பக்கம். விடாதே! ஒரு குழு வண்டியைக் கோட்டை விட்டா டெனர் மொத்தமும் பிளாட்ஃபாரத்துல நிக்கும். எந்தக் கொயர்லயும் டெனர் நாலு பேர் தேறினாலே பெரிசு. அதனால ஒவ்வொரு குழுவுலயும் முடிஞ்சவரை எல்லாக் குரலும் கலந்து இருக்கணும். கொயர் மாஸ்டரும் பியானோ வாசிக்கிறவங்களும் ஒரே குழுவுல வேண்டாம். ஒரு குழு வராமப் போனாலும் மிச்ச ஆளை வெச்சுக் கச்சேரி நடக்கும்.

ஏறுறதுக்கும் முறை இருக்கு. ஜெர்மன் பிளாட்ஃபாரத்துல தலைக்கு மேல ஏ, பி, சி, டின்னு எழுத்துப் பலகை தொங்கும். உன் கோச் எந்த எழுத்துக்கு நேரா நிக்கும்னு டிஸ்ப்ளேல வரும். குழுவாரியா வேற வேற கதவுக்கு நேரா ஆளை நிறுத்து. வண்டி நிக்கிறது ரெண்டு மூணு நிமிஷம், 38 பேரும் ஒரே கதவுல முண்டினா பாதிப் பேர் கீழதான். கோச் வரிசை தலைகீழா வர்றதும் அங்கே சகஜம். அறிவிப்பு வந்ததும் எல்லாரும் பெட்டியை இழுத்துக்கிட்டு எதிர்ப்பக்கம் ஓடாதீங்க. எதிர்ல இருக்கிற கதவுல ஏறு, உள்ளே நடந்து போய்க்கலாம். ஏறினதும் கதவுப் பக்கத்துலயே நின்னு கோட் கழட்டுற ஆள்கிட்ட மட்டும் முன்னாடியே சொல்லி வெச்சுடு. ஒவ்வொரு கொயர்லயும் அப்படி ஒருத்தர் இருப்பாங்க. வண்டி நகர்ந்தப்புறம் லீடர்கள் தலை எண்ணி வாட்ஸ்அப்ல ஒரே ஒரு வரி போடணும்.

உள்ளே நடந்து போகலாம்னு சொன்னேனே, அதுக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. ரெண்டு வண்டியைக் கோர்த்து ஒண்ணா ஓட்டுவாங்க. நடுவுல வழி கிடையாது. ஜெர்மனித் தமிழர்களுக்கு ஹம்னா காமாட்சி அம்மன் கோவில். ரயில்காரங்களுக்கு ஹம்னா வண்டி பிரியுற ஊர். பெர்லின்ல இருந்து வர்ற வேகவண்டிகள் பல அங்கே ரெண்டாப் பிரிஞ்சு ஒண்ணு டியூசல்டார்ஃப் வழியாவும் இன்னொண்ணு வூப்பர்டால் வழியாவும் போகும். திரும்பி வர்றப்போ அந்த வழியா வந்தா, எல்லாரும் ஒரே பாதி வண்டியில இருக்காங்களான்னு ஹம் வர்றதுக்கு முன்னாடியே பார்த்துடு.

திரும்பற வழியைப் பத்தி ஒரு ஆசை சொல்லிடறேன். பிராக் வழியா வந்து லைப்சிக்ல ஒரு ராத்திரி தங்குங்க. ஸ்டேஷன்ல இருந்து நடக்கிற தூரத்துல தாமஸ் தேவாலயம். 1723ல இருந்து சாகிற வரைக்கும், அதாவது 1750 வரைக்கும், இசையமைப்பாளர் பாக் இசைப்பொறுப்பு வகிச்ச இடம். அவர் கல்லறையும் இப்போ அங்கேதான். அங்கத்துச் சிறுவர் கொயர் 1212ல இருந்து இருக்கு. பள்ளி விடுமுறை இல்லாத காலத்துல வெள்ளி சாயங்காலம் 6 மணிக்கும் சனி மத்தியானம் 3 மணிக்கும் அங்கே இசை வழிபாடு நடக்கும். கொயர்ல பாடுறவங்க அதைக் கேட்காம அந்த ஊரைத் தாண்டிப் போறது பாவம்.

நைட் ட்ரெயின்ல கூஷெட்னு ஒண்ணு உண்டு. நம்ம ஊர் த்ரீ டயர் மாதிரிதான், ஆனா கதவு உள்ள அறை, நாலு பேர் இல்லைன்னா ஆறு பேர். தலையணை, போர்வை, காலையில சின்ன டிபன் எல்லாம் அவங்களே தருவாங்க. நாலு பேர் அறையே எடு. காசு கொஞ்சம் கூட, ஆனா ஆறு பேரும் ஆறு பெட்டியும் உள்ளே போனா கால் வைக்க இடம் இருக்காது. பெண்களுக்கு மட்டும்னு தனி அறையும் கேட்டு வாங்கலாம். மேல் பர்த்துக்குச் சின்ன வயசுக்காரங்க. டிக்கெட் விற்பனை திறந்த உடனே பதிவு பண்ணு, கோடையில மிச்சம் இருக்காது.

தொண்டையைக் கெடுக்கிறது பாட்டு இல்ல, பேச்சு. வண்டி சத்தத்துக்கு மேல நாம அறியாமலே குரலை உசத்திப் பேசுவோம், அஞ்சு மணி நேரத்துல குரல் கட்டிடும். கிசுகிசுன்னு பேசுறதும் நல்லதில்ல. ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணியும் ஒரு ஸ்ட்ராவும் வெச்சுக்கச் சொல்லு. அரை பாட்டில் தண்ணிக்குள்ள ஸ்ட்ராவை விட்டு, குமிழி வர்ற மாதிரி ஊ-ன்னு மெதுவா சுருதி ஏத்தி இறக்கினா குரல் இளகும். பார்க்கிறவங்க சிரிப்பாங்க, சிரிக்கட்டும். சத்தமா ஒத்திகை பார்க்கணும்னா அமைதி கோச்சுல வேண்டவே வேண்டாம். மத்த கோச்சுலயும் டிக்கெட் பரிசோதகரையும் பக்கத்து சீட்டுக்காரங்களையும் கேட்டுட்டு, ஒரே ஒரு பாட்டோட நிறுத்திக்கோங்க.

பெட்டிக்கு எடைக் கட்டுப்பாடு பார்க்க மாட்டாங்க. அதனாலதான் எல்லாரும் மூட்டை கட்டுவாங்க. தன் பெட்டியைத் தானே மூணு படி தூக்கி ஏத்த முடியணும், இதுதான் விதி. பாட்டு ஃபைலும் மேடை உடுப்பும் ஷூவும் கைப்பையில. பெரிய பெட்டி எங்கேயாவது தங்கிட்டாலும் மேடை ஏறலாம்.

செலவு? மறைக்க மாட்டேன், ரயில் கூடத்தான் ஆகும். 2023ல கிரீன்பீஸ் 112 தடங்களைப் பார்த்துச் சராசரியா ரயில் டிக்கெட் விமானத்தை விட ரெண்டு மடங்குன்னு சொல்லுச்சு. விமான எரிபொருளுக்கு வரி இல்லாததும் ஒரு காரணம். பெட்டிக் கட்டணம், ஏர்போர்ட் பஸ், நைட் ட்ரெயினால மிச்சமாகிற ஒரு ராத்திரி ஹோட்டல் எல்லாம் கழிச்சா வித்தியாசம் குறையும், ஆனா மறையாது. பதிலுக்குப் புகை குறையும். ஐரோப்பியச் சுற்றுச்சூழல் முகமையோட 2018 கணக்குல, ஒரு ஆள் ஒரு கிலோமீட்டர் போக ரயிலுக்கு 33 கிராம், விமானத்துக்கு 160 கிராம். கமிட்டியில இந்த ரெண்டு கணக்கையும் சேர்த்தே வை. பாதியை மறைச்சா அப்புறம் உன்னைத்தான் திட்டுவாங்க.

விசா வேண்டியவங்க எத்தனை பேர்னு இப்பவே பட்டியல் எடு. ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாசம் முன்னாடி இருந்து விண்ணப்பிக்கலாம். முதல்ல இறங்குற நாடு பெல்ஜியம்தானேன்னு அங்கே போய் நிக்க வேணாம். அதிக நாள் தங்குற நாடு ஆஸ்திரியா, அங்கேதான் கேட்கணும். கச்சேரிக்கு அழைக்கிற சபைகிட்ட எல்லார் பேரையும் போட்டு ஒரு அழைப்புக் கடிதம் வாங்கி விண்ணப்பத்தோட வை. பாஸ்போர்ட் 10 வருஷத்துக்குள்ள வாங்கினதா இருக்கணும், ஊர் திரும்பற தேதிக்கு அப்புறம் 3 மாசமாவது செல்லணும். டிக்கெட்டை அப்புறம் பார்த்துக்கலாம். இன்னிக்கு ராத்திரியே குரூப்புல எல்லாரையும் பாஸ்போர்ட் முதல் பக்கத்தைப் பார்த்து ரெண்டு தேதியையும் உனக்கு அனுப்பச் சொல்லு.