ரேஸிங் பெடல் மாட்டப் போகிறீர்களா?

மாஸ்டா எம்எக்ஸ்-5 காரில் உட்கார்ந்து காலை நீட்டினால் குறுகலான ஒரு பெட்டிக்குள் காலை விட்டதுபோல் இருக்கும். இடப்பக்கம் கியர்பாக்ஸ் மேடு, வலப்பக்கம் கதவோரத் தகடு, மேலே ஸ்டீயரிங் தண்டு, இத்தனைக்கும் நடுவில் மூன்று பெடல். 1989இல் சிகாகோ ஆட்டோ ஷோவில் அறிமுகமான அந்த முதல் தலைமுறை வண்டிகளில் ஒன்று, இங்கிலாந்தில் எங்கள் வீட்டு கராஜில் நிற்கிறது. அதற்கு இரண்டு தடவை ரேஸிங் பெடல், அதாவது பழைய பெடலின் மேல் பொருத்தும் அலுமினியத் தகடு, மாட்டியிருக்கிறேன். முதல் தடவை தப்பாக. வேறு ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களுக்கும் இந்தக் குறிப்புகளில் பெரும்பாலானவை பொருந்தும்.

1. எதற்காக மாட்டுகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். வளைவுக்கு முன்னால் பிரேக் பிடித்துக்கொண்டே கியரைக் குறைக்கும்போது, வலது பாதத்தின் முன்பகுதி பிரேக்கில் இருக்க, அதே பாதத்தின் ஓரத்தால் ஆக்சிலரேட்டரை ஒரு தட்டுத் தட்ட வேண்டும். எஞ்சின் வேகம் கியருக்குச் சமமாக ஏறிவிடும். கிளட்சை விடும்போது பின் சக்கரங்கள் வெட்டி இழுக்காது. இதைத்தான் 'ஹீல் அண்ட் டோ' என்கிறார்கள். பின் சக்கர இழுவை கொண்ட லேசான வண்டியில், அதுவும் ஈரச் சாலையில், இந்த ஒரு தட்டின் அருமை தெரியும். ரேஸிங் பெடலின் உண்மையான வேலை இதற்கு வசதி செய்து கொடுப்பதுதான். இந்தப் பழக்கம் இல்லாதவர்களுக்குப் புது ரப்பர் உறைகளே போதும். செலவும் குறைவு, கால் வழுக்காது.

2. எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை அழுத்திக்கொண்டு அளவெடுங்கள். பலரும் வண்டி அணைந்திருக்கும்போது ஸ்கேலை வைத்து அளந்துவிட்டு பெடல் வாங்கிவிடுகிறார்கள். எஞ்சின் ஓடும்போது, மிதிக்கும் விசையைக் கூட்டும் பூஸ்டரின் உதவியால் பிரேக் பெடல் இன்னும் கீழே இறங்கும். ஆக்சிலரேட்டரைத் தட்டப்போவது அந்த நிலையில்தான். கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, நிஜமாக பிரேக் பிடிப்பதுபோல் அழுத்துங்கள். துணைக்கு ஒருவர் இரண்டு அளவுகளைக் குறிக்கட்டும்: பக்கவாட்டு இடைவெளி எவ்வளவு, அழுத்திய பிரேக் ஆக்சிலரேட்டரைவிட எவ்வளவு உயரத்தில் நிற்கிறது.

அழுத்திய பிறகும் பிரேக்கின் முகம் ஆக்சிலரேட்டரைவிடச் சற்று மேலேதான் இருக்க வேண்டும். என் காலுக்கு 15 மி.மீ. சரியாக அமைந்தது. ஆக்சிலரேட்டர் மேலே நின்றால், அவசரத்தில் பிரேக் பிடிக்கும்போது கால் இரண்டையும் சேர்த்து மிதித்துவிடும். பக்கவாட்டு இடைவெளியை ஒட்ட ஒட்டக் குறைத்தாலும் இதே ஆபத்துதான். கால் பெரியதாக இருந்தாலோ அகலமான பூட்ஸ் போட்டு ஓட்டினாலோ அதற்கும் இடம் விடுங்கள். அளவெடுக்கும்போது வண்டி ஓட்டும் ஷூவையே போட்டிருங்கள்.

அட்டையில் தகட்டின் வடிவத்தை வெட்டி, பழைய பெடலில் டேப்பால் ஒட்டி, நின்ற வண்டியில் நாலு நாள் பழகிப் பாருங்கள். அதற்குப் பிறகு பணம் கொடுக்கலாம்.

3. கவ்வி மாட்டும் மாதிரி வேண்டவே வேண்டாம். 'எல்லா வண்டிக்கும் பொருந்தும்' என்று விற்கும் செட்டுகளில், தகட்டுக்குப் பின்னால் வளைந்த பட்டைகள் இருக்கும். அவை பழைய பெடலின் விளிம்பைக் கவ்விப் பிடிக்கும். நான் முதலில் வாங்கியது அதைத்தான். பழைய ரப்பருக்கு மேலேயே மாட்டினேன். ரப்பர் அமுங்க அமுங்கப் பிடி தளர்ந்திருக்கிறது. மூன்றாவது வாரம், ஒரு மழை நாளில், ரவுண்டானாவுக்குள் நுழையும்போது பிரேக் தகடு சுழன்று அதன் ஒரு முனை ஆக்சிலரேட்டரை அமுக்கிக்கொண்டது. எஞ்சின் உறுமுகிறது, கால் பிரேக்கில் இருக்கிறது. கிளட்சை அழுத்தி, சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்து, ஓரமாக உருட்டி நிறுத்தினேன். எதிரே வண்டி வராததால் பிழைத்தேன். துளை போட்டு, ஊடுருவிச் செல்லும் ஸ்க்ரூவும் பின்னால் நட்டும் வைத்துப் பிணைப்பது ஒன்றே நம்பத்தக்க வழி.

4. உங்கள் ஆக்சிலரேட்டர் எந்த வகை என்று பாருங்கள். முதல் தலைமுறை எம்எக்ஸ்-5இல் அது கேபிள் இழுக்கும் இரும்புக் கை. புதிய வண்டிகளில் எலெக்ட்ரானிக். சென்சார் உள்ள பிளாஸ்டிக் கூட்டோடு பெடல் சேர்ந்திருக்கும். 2015இல் வந்த நான்காம் தலைமுறையில் பெடலின் கீல் தரையிலேயே இருக்கிறது. பிளாஸ்டிக் பெடலில் டிரில்லை வைக்காதீர்கள். அந்த வண்டிக்கென்றே செய்த உறையை மட்டும் வாங்குங்கள். கிடைக்கவில்லையா, ஆக்சிலரேட்டரை அப்படியே விட்டுவிடுங்கள்.

5. பளபளப்பைப் பார்த்து வாங்காதீர்கள். பாலிஷ் செய்த அலுமினியம் ஈர ஷூவுக்குச் சோப்புக்கட்டி மாதிரி. விளிம்பு மேலெழும்பிய துளைகளோ, ரப்பர் குமிழ்களோ, கீறல் வரிகளோ கட்டாயம் வேண்டும். விளிம்பு கத்தி மாதிரி இருந்தால் ஷூவின் அடிப்பாகத்தை அறுத்துவிடும். மெல்லிய அரத்தால் ஒரு இழுப்பு இழுத்தால் போதும். பிரிட்டனில் ஆண்டுதோறும் நடக்கும் எம்ஓடி வாகனத் தகுதிச் சோதனையில், பிரேக் பெடலில் வழுக்காமல் இருப்பதற்கான அமைப்பு இல்லாமல் போனாலோ, தளர்ந்தாலோ, தேய்ந்து வழவழப்பானாலோ வண்டி ஃபெயில்.

6. சீட்டைக் கழற்றிவிடுங்கள். நாலு போல்ட்டு, பத்து நிமிஷம். கழற்றாமல் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு வேலை செய்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும், வேலையும் அரைகுறையாக முடியும். சீட்டுக்குள் ஏர்பேக் உள்ள வண்டி என்றால் பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டுச் சிறிது நேரம் காத்திருந்து வயரைத் தொடுங்கள். பழைய எம்எக்ஸ்-5இல் பேட்டரியை பானெட்டுக்குள் தேடாதீர்கள், அது பின் டிக்கியில் இருக்கிறது. நெற்றியில் மாட்டும் விளக்கும் பாதுகாப்புக் கண்ணாடியும் அவசியம். மல்லாந்து படுத்து மேலே பார்த்து வேலை செய்யும்போது விழுவதெல்லாம் கண்ணில்தான் விழும்.

7. பழைய ரப்பர் உறையைக் கத்தியால் கிழிக்காதீர்கள். குளிரில் அது கல்லாக இறுகியிருக்கும். முடி உலர்த்தும் டிரையரை ஐந்து நிமிஷம் காட்டினால் இளகி, ஒரு மூலையிலிருந்து உரிந்து வரும்.

8. முடிந்தால் பெடலை வெளியே எடுத்து மேஜையில் வைத்துத் துளையிடுங்கள். வண்டிக்குள் துளையிட்டால் இரும்புச் சீவல் கார்ப்பெட்டுக்குள் புகுந்து, ஈரம் பட்டுத் துருப்பிடித்து, செம்பழுப்புக் கறையாக எழும்பும். உள்ளேயே செய்தாக வேண்டும் என்றால் கீழே பழைய போர்வையை விரித்து, பெடலுக்குப் பின்னால் மரக்கட்டையை முட்டுக் கொடுத்து, பக்கத்தில் வாக்குவம் கிளீனரை ஓடவிடுங்கள். சென்டர் பஞ்சால் குழி தட்டாமல் தொடங்கினால் டிரில் வழுக்கி ஓடும். முதலில் 3 மி.மீ., பிறகு ஸ்க்ரூவின் அளவு. பெடலின் கை பற்றவைத்திருக்கும் இடத்தில் துளை வேண்டாம். மிதிக்கும் விசை முழுவதையும் தாங்குவது அந்த ஒட்டுதான்.

9. ஸ்க்ரூவில் சிக்கனம் கூடாது. ஒரு தகட்டுக்குக் குறைந்தது மூன்று. இரண்டு போட்டால் ஒன்று தளர்ந்ததும் தகடு மற்றொன்றைச் சுற்றிச் சுழலும். தலை தகட்டுக்குள் அமுங்கும் ஸ்க்ரூவாக இருக்கட்டும். துருத்திக்கொண்டிருந்தால் ஒரு பெடலிலிருந்து அடுத்ததற்குத் தாவும்போது ஷூ மாட்டிக்கொள்ளும். பின்னால் அகலமான வாஷர், அதன்மேல் நைலான் வளையம் வைத்த நட்டு. கழற்றிய நைலான் நட்டைத் திரும்பப் போடாதீர்கள், புதிதாக வாங்குங்கள். நட்டுக்கு இடமில்லாமல் தகட்டிலேயே மரை வெட்டிய இடம் இருந்தால் மரையை இறுக்கிப் பிடிக்கும் நீல நிற லாக்டைட் பசை இரண்டு சொட்டு. நட்டுக்கு வெளியே இரண்டு மரைக்கு மேல் நீண்டால் வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் பெடல் முழுக்க இறங்கும்போது அது கார்ப்பெட்டில் குத்தும்.

நட்டுகளை எண்ணி வைத்துத் தொடங்கி, எண்ணியபடி முடியுங்கள். தொலைந்த நட்டைக் காந்தத்தால் துழாவுபவர்களுக்கு ஒன்று: ஸ்டெயின்லெஸ் நட்டுகளில் பெரும்பாலானவை காந்தத்தில் ஒட்டாது. என்னிடம் ஒரு நட்டு குறைந்தபோது கார்ப்பெட்டையே தூக்கித் தேடினேன். பிரேக் பெடலுக்கு அடியில் போய் அமரும் ஒரு நட்டு ஓர் உயிருக்குச் சமம்.

10. அலுமினியமும் இரும்பும் நேரடியாகத் தொட வேண்டாம். பனிக்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு ஷூவோடு உள்ளே வரும். உப்புத் தண்ணீர் இரண்டு உலோகங்களுக்கும் நடுவில் தேங்கினால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரித்துப்போகும். துளையின் ஓரத்துக்கு பெயின்ட் தொட்டுவைத்து, நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் தாளை வெட்டி வையுங்கள்.

11. தகட்டின் தடிமன் முழங்காலைத் தூக்கும். 12 மி.மீ. தகடு போட்டால் பாதம் அவ்வளவு பின்னுக்கு வரும், முழங்கால் மேலேறி ஸ்டீயரிங்கில் இடிக்கும். முதல் தலைமுறை எம்எக்ஸ்-5இல் ஸ்டீயரிங்கை ஏற்றி இறக்க வழியில்லை. உயரமானவர்கள் சீட்டுக்குள் இருக்கும் ஸ்பாஞ்சை வெட்டிக் குறைத்துத் தாழ்ந்து உட்காருவது அதனால்தான். மெல்லிய தகடு வாங்குங்கள். கிளட்சுக்குத் தகடே போடாவிட்டாலும் நஷ்டமில்லை.

12. உயரம் இடிக்கிறது என்று பெடலின் நிறுத்த போல்ட்டையோ தள்ளுகோலையோ திருகி இறக்காதீர்கள். தள்ளுகோலுக்கு இருக்க வேண்டிய சிறு தளர்வு போய்விடும். மாஸ்டர் சிலிண்டர் முழுக்கத் திரும்பாமல் அழுத்தம் உள்ளேயே நிற்கும். பிரேக் என்றால் சக்கரத்தைப் பிடித்தபடியே ஓடிச் சூடேறும், கிளட்ச் என்றால் நழுவும். பெடலை விரலால் தள்ளினால், எதிர்ப்பு தொடங்குமுன் கொஞ்சம் சும்மா நகர வேண்டும்.

13. மாட்டியதும் மூன்று சோதனை. ஒருவர் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்க, நீங்கள் பானெட்டைத் திறந்து த்ராட்டில் முழுதாகத் திறக்கிறதா, விட்டதும் சட்டென்று மூடுகிறதா என்று பாருங்கள். அடுத்தது பிரேக் விளக்கு. தகட்டின் எடையால் பெடல் ஒரு நூலளவு தொங்கினாலும் சுவிட்ச் விடுபட்டு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். பின்னால் வருபவருக்கு நீங்கள் எப்போது பிரேக் பிடிக்கிறீர்கள் என்று தெரியாது. கடைசியாக, நின்ற வண்டியில் இருபது தடவை பலமாக பிரேக்கை மிதியுங்கள். எதுவும் அசையக் கூடாது, கிரீச்சிடக் கூடாது.

14. தரைவிரிப்பு. 2009இல் அமெரிக்காவில் டொயோட்டாவின் லெக்ஸஸ் கார் ஒன்றின் ஆக்சிலரேட்டர் தடித்த ரப்பர் விரிப்பில் சிக்கி நான்கு பேர் இறந்தார்கள்; அதையொட்டி டொயோட்டா ஏறத்தாழ 38 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. கீழ்ப்பக்கம் நீண்டிருக்கும் ஆக்சிலரேட்டர் தகட்டுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி பழைய பெடலைவிடக் குறைவு. டிரைவர் பக்கத்து விரிப்பைக் கொக்கியில் மாட்டுங்கள். கொக்கி இல்லையென்றால் விரிப்பையே எடுத்துவிடுங்கள்.

15. முழு பெடல் பாக்ஸ் ரேஸ் டிராக்குக்கு மட்டும். டில்டன், வில்வுட் போன்ற நிறுவனங்கள் தரையில் பூட்டும் முழுத் தொகுதியையே விற்கின்றன. அதில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் தனித்தனி மாஸ்டர் சிலிண்டர், நடுவில் விசையைப் பிரிக்கும் தண்டு. பூஸ்டர் கிடையாது. காலே எல்லாவற்றையும் செய்ய வேண்டும்.

கணக்கு எளியது. பெடலின் நெம்புகோல் விகிதம் 6க்கு 1 என்று வைப்போம். 45 கிலோ விசையில் மிதித்தால் 270 கிலோ, சரிபாதி பிரித்தால் சிலிண்டருக்கு 135. சிலிண்டரின் விட்டம் 19 மி.மீ. என்றால் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 48 கிலோ அழுத்தம் கிடைக்கும், 15.9 மி.மீ. என்றால் 68. சின்ன சிலிண்டர் போட்டால் கால் வலி குறையும், ஆனால் பெடல் நாற்பது சதவீதத்துக்கும் மேல் கூடுதலாக இறங்க வேண்டும். குறுகலான இடத்தில் அந்த இறக்கத்துக்கு இடமிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வண்டியின் தரைத் தகடு மெல்லியது. அடியில் இரும்புத் தகடு வைத்து விசையைப் பரப்பாவிட்டால் நாளடைவில் கிழியும். பூஸ்டரை எடுத்தால் எஞ்சினிலிருந்து அதற்கு வரும் வாக்குவம் குழாயை அடைக்க வேண்டும். முன் சக்கரம் முதலில் பூட்டும்படி தண்டை அமைத்துத் தொடங்குங்கள்; பின் சக்கரம் முதலில் பூட்டினால் வண்டி சுழன்றுவிடும். பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்னும், சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள். ஏபிஎஸ் உள்ள காரில் இதற்குப் போகவே வேண்டாம். வீட்டில் வேறொருவரும் ஓட்டும் வண்டியிலும் வேண்டாம். அவர் கால் இந்தக் கனத்துக்குப் பழகியிருக்காது.

16. இன்ஷூரன்ஸ்காரர்களிடம் சொல்லிவிடுங்கள். பிரிட்டனில் வண்டியில் செய்த மாற்றங்களைத் தெரிவிக்காமல் விட்டால் விபத்துக்குப் பிறகு இழப்பீட்டில் தகராறு வரும்.

17. ஒவ்வொரு நட்டின்மீதும் பெடலின்மீதும் சேர்ந்தாற்போல் ஒரு வெள்ளை பெயின்ட் கோடு இழுங்கள். நட்டு நகர்ந்தால் கோடு முறியும். ஸ்பேனர் இல்லாமல் டார்ச் அடித்தே கண்டுபிடிக்கலாம். முதல் 100 கிலோமீட்டரில் ஒரு தடவை, பிறகு ஆயில் மாற்றும்போதெல்லாம் பாருங்கள். கழற்றிய ரப்பர் உறைகளைப் பையில் போட்டுப் பெயரெழுதி வையுங்கள். துளையிட்ட பெடலிலும் அவை திரும்ப மாட்டும். நான் நவம்பரில் பிரேக்குக்கு ரப்பரைப் போட்டுவிட்டு, மார்ச்சில் உப்பெல்லாம் கழுவிப்போன பிறகு அலுமினியத்தை எடுக்கிறேன்.