இதயத்துக்குள் ஓடும் லூப்

எபிசோடில் நேரம் போதாமல் விட்டதை இங்கே எழுதுறேன்.

அப்பா அம்மாவின் டொக்டர் கடிதத்தை வாசித்து விளக்கிறது எங்களில் பலருக்குப் பழகின வேலைதானே? அதில் 'கம்மர்டாக்கிகார்டி' என்று இருந்தால், இதயத்தின் கீழறை ஆபத்தான வேகத்தில் துடிக்குது என்று அர்த்தம். பெரும்பாலும் பழைய மாரடைப்பு விட்ட தழும்புதான் காரணம். அதற்குள்ளால் மின்னோட்டம் மெதுவாக ஊர்ந்து, வந்த இடத்துக்கே திரும்பிச் சுத்தும். எங்கட பாஷையில் நிற்காத லூப். டிபிப்ரிலேட்டர் ஷாக் அடித்து ரீஸ்டார்ட் பண்ணும், பக்கைச் சரிசெய்யாது. கதீட்டரால் சுடலாம், ஆனால் ஆழமான தழும்புக்கு அது எட்டாது.

அங்கேதான் வெளியிலிருந்து குவிக்கும் கதிர் வருது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் குழு 5 பேருக்கு ஒரே தடவையில் 25 கிரே கொடுத்து, 2017இல் முடிவை வெளியிட்டது. முந்திய 3 மாதத்தில் மொத்தம் 6,577 தடவை வந்த கோளாறு, சிகிச்சைக்குப் பிந்திய முதல் 6 வாரம் கழிந்தபின் 4 தடவைதான் வந்தது. (ஒருவர் 3 வாரத்தில் பக்கவாதத்தால் இறந்தார். ஐந்தே பேர் என்பதையும் மறக்காதீங்க.) ஜெர்மனியின் முதல் சிகிச்சை பற்றி கீல் குழு 2019இல் எழுதியது. பிறகு ராவென்டா ஆய்வு நடந்தது.

என்னைப் பிடித்த விஷயம் வேற. கதிர் புதுத் தழும்பை உண்டாக்கி வழியை அடைக்கும் என்றுதான் நினைத்தார்கள். அதற்கு மாதங்கள் வேணும், பலனோ கிழமைகளிலேயே தெரிஞ்சது. 2021இல் சுண்டெலி இதயங்களில் பார்த்தால், மின்னோட்டம் வேகம் கூடியிருந்தது! வேகமாகச் சுத்தி வந்தால், இன்னும் தயாராகாத தசையில் முட்டி லூப் அணைஞ்சு போகும்.

பக்கத்தில் நுரையீரலும் இரைப்பையும் இருக்கிறதால், மற்ற வழிகள் சரிவராத ஆட்களுக்குத்தான் இப்போதைக்கு இது. அப்பாவோடு போனால் முதலில் கேளுங்க: கதீட்டர் முயற்சி செய்தாச்சா?