உறிஞ்சு பை வெள்ளத்தைத் தடுக்குமா?

நம்பிக்கை: தண்ணீரை உறிஞ்சி ஊதும் உறிஞ்சு பைகளை வாசலில் அடுக்கிவிட்டால் வீட்டுக்குள் தண்ணீர் வராது.

உண்மை: வாசல் வழியாக வருவது குறையும், அவ்வளவுதான். சென்னையின் 2015 வெள்ளத்தையோ 2023 மிக்ஜாம் புயல் மழையையோ வேளச்சேரி, முடிச்சூர்ப் பக்கம் தரைத்தளத்தில் இருந்து பார்த்தவர்களைக் கேளுங்கள். தண்ணீர் முதலில் எட்டிப் பார்த்தது குளியலறையில்தான் என்று பலரும் சொல்வார்கள். தெருவில் பாதாளச் சாக்கடை நிரம்பினால், கழிவுநீர் அதே குழாயில் எதிர்த்து ஏறி, கழிப்பறைக் கோப்பையிலும் குளியலறைச் சல்லடையிலும் பொங்கும். வாசலில் பத்து பை இருந்தும் பயனில்லை. கோப்பைக்குள் ஒரு மணல் மூட்டையை இறக்குங்கள், சல்லடை மேல் இன்னொன்றை வையுங்கள். நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால், வெளியேறும் குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வு பொருத்தச் சொல்லி பிளம்பரிடம் கேளுங்கள்.

நம்பிக்கை: உறிஞ்சு பை எந்தத் தண்ணீரையும் உறிஞ்சிக்கொள்ளும்.

உண்மை: பைக்குள் இருப்பது குழந்தைகளின் டயப்பரில் இருக்கும் அதே வகைத் தூள். ஒரு டயப்பரைக் கிழித்து, அந்தத் தூளை டம்ளரில் கொட்டி நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். கண்ணெதிரே ஜெல்லியாக இறுகிவிடும், டம்ளரைக் கவிழ்த்தாலும் விழாது. இப்போது ஒரு கரண்டி உப்பைப் போட்டுக் கிளறுங்கள். ஜெல்லி இளகித் தண்ணீர் விட ஆரம்பிக்கும். கடல்நீர் ஏறும் கரையோர வீடுகளில் இந்தப் பை அப்படித்தான் கைவிடும். அங்கே மணல் மூட்டைதான் சரி.

நம்பிக்கை: ஊதிய பை மணல் மூட்டைக்குச் சமம்.

உண்மை: அரை கிலோ பை சில நிமிடங்களில் 15, 20 கிலோவாகிறது என்பது உண்மைதான். ஆனால் அந்த எடை முழுக்கத் தண்ணீர். தண்ணீருக்குள் தண்ணீருக்கு எடை இல்லை. வெள்ளம் பையின் உயரத்துக்கு ஏறினால் அது நகர்ந்துவிடும். மணல் அப்படியல்ல, நனைந்தாலும் அடியில் அழுத்திக்கொண்டு நிற்கும். ஆனாலும் நள்ளிரவில் மணலுக்கு எங்கே போவது? பரணில் மடித்து வைத்த பை அப்போது கைகொடுக்கும். இரண்டு மூன்று அங்குலத் தண்ணீருக்கு அது போதும். வெள்ளம் வருமுன்பே நனைத்து ஊதவைத்து, செங்கல் அடுக்குவதுபோல இணைப்பு மாற்றி அடுக்குங்கள்.

நம்பிக்கை: உயரமாக அடுக்கினால் எவ்வளவு வெள்ளத்தையும் வெளியே நிறுத்தலாம்.

உண்மை: இதுதான் ஆபத்தான நம்பிக்கை. ஒரு மீட்டர் அகலக் கதவை 30 செ.மீ. தண்ணீர் சுமார் 45 கிலோ விசையுடன் தள்ளும். 60 செ.மீ. ஆனால் சுமார் 180 கிலோ. உயரம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. உள்ளே காய்ந்தும் வெளியே நிறைந்தும் இருந்தால் சுவரே விரிசல் விடலாம்.

வெள்ளம் வடிந்தபின் பையைக் கிழித்து ஜெல்லியைச் சாக்கடையில் கொட்டாதீர்கள், அடைத்துக்கொள்ளும். சாக்கடை நீர் ஊறிய பையை மறுபடி பயன்படுத்தவும் வேண்டாம்.

தண்ணீர் இரண்டடியைத் தொடும்போல இருந்தால் பைகளோடு மல்லுக்கட்டாதீர்கள். தரை நனையுமுன் மெயின் சுவிட்சை அணைத்து, பிள்ளைகளையும் பெரியவர்களையும் அழைத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுங்கள்.