ஸ்கேன் எடுக்கப் படிக்கலாமா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு பாராமெடிக்கல் கல்லூரிகளின் நோட்டீஸ்கள் வீடு தேடி வரத் தொடங்கிவிடும். அதில் அல்ட்ராசவுண்ட் படிப்புக்கும் ஓர் இடம் உண்டு. ‘ஏ.சி. ரூம் வேலை, ஊசி இல்லை, ரத்தம் இல்லை, வெளிநாட்டில் கைநிறையச் சம்பளம்’ என்று போட்டிருக்கும். பொய் என்று தள்ளிவிடவும் முடியாது, நம்பிப் பணம் கட்டவும் முடியாது. அமெரிக்காவில் ‘டயக்னாஸ்டிக் மெடிக்கல் சோனோகிராஃபர்’ என்றொரு தொழில் உண்மையிலேயே இருக்கிறது. 2023-இல் அங்கே அவர்களின் இடைநிலை ஆண்டுச் சம்பளம் 84,000 டாலரைத் தாண்டியது என்று அரசின் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை சொல்கிறது. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் அதே தொழில் உண்டு. நம் ஊரில் அது தனித் தொழிலாக இல்லை. நோட்டீஸ் சொல்லாமல் விடும் விஷயம் இதுதான் என்பதால் இதிலிருந்தே தொடங்கலாம்.

“கோர்ஸ் முடித்தால் ஸ்கேன் சென்டரில் ஸ்கேன் எடுக்கலாம்”

எடுக்க முடியாது. இந்தியாவில் கர்ப்பிணியின் வயிற்றில் ‘ப்ரோப்’பை, அதாவது ஸ்கேன் மெஷினின் கைக்கருவியை, வைக்க டாக்டராக இருந்தாக வேண்டும். கருவின் பாலினத்தைக் கண்டறிந்து சொல்வதைத் தடை செய்யும் 1994-ஆம் ஆண்டுச் சட்டம், ஸ்கேன் சென்டர்காரர்கள் ‘பி.சி.பி.என்.டி.டி.’ என்று மூச்சுவிடாமல் சொல்வார்களே அந்தச் சட்டம், 1996 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. 2003-இல் திருத்தி இன்னும் இறுக்கினார்கள்.

அதன் பின்கதை நமக்குத் தெரியாததல்ல. உசிலம்பட்டியும் சேலமும் தருமபுரியும் பெண்சிசுக் கொலைக்காகச் செய்தியில் அடிபட்ட காலம் அது. 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்ததும் அதனால்தான். ஸ்கேன் மெஷின் பரவியதும், பிறந்த பின் நடந்துகொண்டிருந்த கொடுமை பிறப்பதற்கு முன்பே முடிக்கப்படும் காரியமானது. ஆறு வயது வரையிலான ஆண் குழந்தைகள் ஆயிரம் பேருக்கு 1991-இல் நாடு முழுவதும் 945 பெண் குழந்தைகள் இருந்தார்கள். 2001-இல் 927.

அதனால் சட்டம் மெஷினையும் பிடித்தது, அதை இயக்கும் கையையும் பிடித்தது. ஒவ்வொரு மெஷினும் பதிவாக வேண்டும். ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் ‘ஃபார்ம் எஃப்’ நிரப்ப வேண்டும். அதில் ஒரு கட்டம் விடுபட்டாலே சட்டத்தை மீறியதாகக் கொள்ளப்படும். அப்படி இல்லை என்று நிரூபிப்பது டாக்டரின் பாடு. முதல் குற்றத்துக்கே மூன்றாண்டு வரை சிறை. வெறும் எம்.பி.பி.எஸ். மட்டும் முடித்தவராக இருந்தால், 2014-ஆம் ஆண்டு விதிகளின்படி ஆறு மாதத்தில் 300 மணி நேரப் பயிற்சி பெற்றாக வேண்டும். டாக்டருக்கே இந்தக் கெடுபிடி என்றால், டிப்ளமாக்காரரைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

மற்ற வயிற்று ஸ்கேன்களும் நடைமுறையில் ரேடியாலஜிஸ்ட் கையில்தான். ரேடியோகிராஃபி பி.எஸ்சி., அதாவது மூன்றாண்டுப் படிப்பும் ஓராண்டுப் பயிற்சியும், நல்ல படிப்பு, எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. என்று வேலைக்குப் பஞ்சமில்லை. ஆனால் அல்ட்ராசவுண்ட் அறைக்குள் அந்தப் பட்டதாரி பெரும்பாலும் உதவியாளர்தான். விதிவிலக்கு இதயம். கார்டியாக் டெக்னாலஜி படித்தவர்கள் பெரிய இதய மருத்துவமனைகள் பலவற்றில் எக்கோ எடுக்கிறார்கள், டாக்டர் பார்த்துக் கையெழுத்திடுகிறார். ப்ரோப்பைக் கையில் பிடிப்பதுதான் ஆசை என்றால், இங்கிருந்தபடி டாக்டராகாமல் அதை எட்ட இருக்கும் வழி அநேகமாக இது ஒன்றுதான். நோட்டீஸில் ஏனோ இதைப் போடுவதில்லை.

இனி எழுதப்போவதெல்லாம் அந்தத் தொழில் தனியாக நிற்கும் நாடுகளின் படிப்பைப் பற்றி. அங்கே குடியேறிய நம்மவர் குடும்பங்களில், குறிப்பாகக் கணவருடனோ மனைவியுடனோ போய்ப் புதிதாக ஒரு வேலை தேடுகிறவர்களிடம், இதைப் பற்றிய பேச்சு நிறையவே அடிபடுகிறது.

“மெஷின்தானே படம் எடுக்கிறது, பொத்தானை அழுத்தத் தெரிந்தால் போதாதா?”

எக்ஸ்ரேயைப் பார்த்த பழக்கத்தில் வரும் கேள்வி. எக்ஸ்ரேயில் நோயாளியைச் சரியாக நிறுத்தி அழுத்தினால், அந்தச் சட்டகத்துக்குள் இருப்பதெல்லாம் பதிவாகிவிடும். அல்ட்ராசவுண்ட் அப்படியல்ல. ப்ரோப்பிலிருந்து கிளம்பும் ஒலிக்கற்றை சில மில்லிமீட்டர் தடிமனே உள்ள ஒரு தகடு. இருட்டறையில் டார்ச் அடித்துச் சாவியைத் தேடுவதுபோல, வெளிச்சம் விழுந்த இடம்தான் தெரியும். தேடாத இடம் படத்திலேயே இருக்காது.

பித்தப்பையை எடுத்துக்கொள்வோம். நோயாளி ஆறு முதல் எட்டு மணி நேரம் வெறும் வயிற்றோடு வந்திருக்க வேண்டும். சாப்பிட்டால் பித்தப்பை சுருங்கிவிடும். வலது விலாவுக்குக் கீழே ஜெல் தடவி ப்ரோப்பை வைக்கிறார்கள். ஜெல் எதற்கு? தோலுக்கும் ப்ரோப்புக்கும் இடையில் ஒரு நூலிழை காற்று இருந்தாலும் ஒலி கிட்டத்தட்ட முழுவதும் திரும்பி ஓடிவிடும். “மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க.” கல்லீரல் கீழே இறங்கி வழிவிடுகிறது. திரையில் கறுப்பாகப் பித்தப்பை. அதற்குள் ஒரு வெள்ளைப் பிறை, பிறைக்குக் கீழே நேராக விழும் கறுப்பு நிழல்: கல். ஆனால் நிழல் சரியாக விழவில்லை என்றால்? அதிர்வெண்ணை ஏற்ற வேண்டும், குவியத்தை அந்த ஆழத்துக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு நோயாளியை இடப்பக்கம் ஒருக்களிக்கச் சொல்ல வேண்டும். கல் என்றால் உருளும். சுவரில் ஒட்டிய சதைமொட்டு என்றால் இருந்த இடத்திலேயே இருக்கும். ஒளிந்துகொள்ள ஒரு கல்லுக்குப் பிடித்த இடம் பித்தப்பையின் கழுத்து. மல்லாந்து படுத்திருக்கும்போது அது கண்ணில் படாமலே போகலாம்.

ஒரு மாணவி ஒருக்களிக்க வைக்க மறந்துவிட்டாள் என்று வையுங்கள். பன்னிரண்டு படங்கள் எடுத்துச் சேமிக்கிறாள். பன்னிரண்டும் தெளிவு, அளவுகள் சரி, சுவர்த் தடிமன் மூன்று மில்லிமீட்டருக்குள். வேறொரு அறையில் அவற்றைப் பார்க்கும் ரேடியாலஜிஸ்ட் ‘இயல்பு’ என்று எழுதுவார். அவர் மேல் தப்பில்லை. அவருக்குக் காட்டப்படாததை அவர் எப்படிப் பார்ப்பார்? இந்தத் தொழிலின் படிப்பு ஏன் இத்தனை நீளம், ஏன் இத்தனை கெடுபிடி என்பதற்கெல்லாம் காரணம் இங்கேதான் இருக்கிறது.

“பிசிக்ஸ் பிடிக்காதவர்களுக்கு ஏற்ற படிப்பு”

பாவம், இதை நம்பிச் சேர்பவர்கள் முதல் செமஸ்டரிலேயே விழிக்கிறார்கள். அமெரிக்காவில் பெரும்பாலான மருத்துவமனைகள் கேட்பது ஏ.ஆர்.டி.எம்.எஸ். சான்று. அதற்கு இரண்டு தேர்வுகள். ஒன்று வயிறு, மகப்பேறு, இதயம் என்று நீங்கள் தேர்ந்தெடுக்கும் துறையில். இன்னொன்று எல்லோருக்கும் பொதுவான எஸ்.பி.ஐ., முழுக்க முழுக்க ஒலியின் இயற்பியலும் கருவியின் வேலையும். இரண்டு மணி நேரத்தில் ஏறக்குறைய 110 கேள்விகள். ஐந்தாண்டுக்குள் இரண்டையும் தாண்டினால்தான் சான்று.

இது வெறும் தேர்வுக் கணக்கு என்று நினைக்க வேண்டாம். மெஷின் ஒரு பொய்யை நம்பித்தான் படம் வரைகிறது: உடம்புக்குள் ஒலி எங்கும் ஒரே வேகத்தில், விநாடிக்கு 1,540 மீட்டர், நேர்க்கோட்டில் போய்வருகிறது என்று அது எடுத்துக்கொள்கிறது. ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குப் போய்த் திரும்ப 13 மைக்ரோ செகண்ட். இந்தக் கணக்கை வைத்தே எந்தப் புள்ளியை எங்கே போடுவது என்று முடிவு செய்கிறது. உதரவிதானம் ஒலியைக் கண்ணாடிபோலத் திருப்பிவிட்டால், கல்லீரலில் உள்ள கட்டி நுரையீரல் பக்கமும் இன்னொன்றாகத் தெரியும். பிசிக்ஸ் தெரிந்தவர் அதைப் பார்த்துச் சிரிப்பார். தெரியாதவர் இரண்டு கட்டி என்று எழுதுவார்.

ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளரில் இன்னும் வேடிக்கை. சிவப்பு என்றால் தமனி, நீலம் என்றால் சிரை என்று பாடப்புத்தகப் படங்களைப் பார்த்துப் பழகிய கண் உடனே சொல்லிவிடும். மெஷினுக்குத் தமனியும் தெரியாது, சிரையும் தெரியாது. வழக்கமான அமைப்பில் ப்ரோப்பை நோக்கி வரும் ரத்தம் சிவப்பு, விலகிப் போவது நீலம். ப்ரோப்பைத் திருப்பிப் பிடித்தால் அதே குழாய் நிறம் மாறிவிடும். ஒலிக்கற்றை குழாய்க்குச் சரியாகச் செங்குத்தாக விழுந்தால் நிறமே இருக்காது. ரத்தம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்து ‘அடைப்பு’ என்று பதறாத மாணவர் அபூர்வம். ரத்த வேகத்தை அளக்கும்போது கோணம் 60 டிகிரியைத் தாண்டக் கூடாது என்று தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுப்பதும் இதனால்தான்.

“ரேடியேஷன் அடிக்கும் வேலை, பெண்களுக்கு ஆகாது”

அடிக்காது. இது ஒலி, எக்ஸ்ரேயில் உள்ள அயனியாக்கும் கதிர்வீச்சு இதில் துளியும் இல்லை. ஆனால் அதனால் எவ்வளவு நேரமும் வைத்துக்கொண்டிருக்கலாம் என்பதும் சரியல்ல. ஒலி திசுவைச் சற்றே சூடாக்கும். திரையின் ஓரத்தில் அதற்கான வெப்பக் குறியீடு ஓடிக்கொண்டே இருக்கும், கருவைப் பார்க்கும்போது அதிலும் ஒரு கண் வைக்கப் பழக்குகிறார்கள். கடைவீதியில் குழந்தையின் முகத்தை நினைவுக்காகப் படம் பிடித்துத் தரும் ஸ்டுடியோக்களை அமெரிக்க எஃப்.டி.ஏ. ஊக்குவிக்காததும் இதனாலேயே.

“ஸ்கேன் எடுப்பவருக்கு எல்லாம் தெரியும், வேண்டுமென்றே சொல்லமாட்டார்”

முதல் பாதி ஓரளவு உண்மை. திரையில் இதயத் துடிப்பு இல்லை என்பது அவருக்கு அந்த விநாடியே தெரிந்துவிடும். அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். அமெரிக்காவில் சோனோகிராஃபர் தன் கண்டறிதலைக் குறிப்பாக எழுதி டாக்டருக்கு அனுப்புவார். நோய் இன்னது என்று நோயாளியிடம் சொல்வது டாக்டரின் வேலை. “டாக்டர் பார்த்துட்டுப் பேசுவாங்க” என்ற அந்த ஒரு வாக்கியத்தைக் குரல் மாறாமல், முகம் மாறாமல் சொல்லப் பழகுவது படிப்பின் ஒரு பகுதி. பாடத்திட்டத்தில் அதற்கு மார்க் இருக்கிறதோ இல்லையோ, பயிற்சிக் காலத்தில் பலரை வீட்டுக்குப் போய் அழவைப்பது பிசிக்ஸ் அல்ல, இதுதான்.

பிரிட்டனில் நேர் எதிர். அங்கே பெரும்பாலான சோனோகிராஃபர்கள் தாங்களே ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்திடுகிறார்கள். இருபதாவது வார ஸ்கேனில் குறை தெரிந்தால், அதே அறையில், அப்போதே தாயிடம் சொல்கிறார்கள். அதனால் அங்கே இது பெரும்பாலும் முதுநிலைப் படிப்பு. ரேடியோகிராஃபராகவோ மிட்வைஃபாகவோ வேலை பார்த்தவர்கள்தான் அதிகம் வருகிறார்கள். நேரடி இளநிலைப் படிப்பு பின்னால் வந்தது. என்னைக் கேட்டால் பிரிட்டன் முறைதான் நேர்மையானது. ஆனால் அதற்கு வேண்டிய நெஞ்சுரம் இருபது வயதில் எல்லோருக்கும் வாய்க்காது.

“உட்கார்ந்த இடத்தில் செய்யும் சொகுசு வேலை”

ஏ.சி. உண்மை. சொகுசு இல்லை. கையை உடம்பிலிருந்து விலக்கி நீட்டி, ப்ரோப்பை இறுகப் பிடித்து அழுத்தி, கழுத்தைத் திரை பக்கம் திருப்பி, நாள் முழுக்க ஒன்றன்பின் ஒன்றாக. பருத்த உடம்பென்றால் அழுத்தம் இன்னும் கூடும். அமெரிக்காவில் நடந்த கணக்கெடுப்புகளில் சோனோகிராஃபர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் வலியோடுதான் ஸ்கேன் எடுக்கிறோம் என்று சொன்னார்கள். தோள், மணிக்கட்டு, கழுத்து. தோளை 30 டிகிரிக்கு மேல் விலக்காதே, கட்டிலை உயர்த்து, நோயாளியை உன் பக்கம் நகரச் சொல் என்று இப்போது முதல் நாளிலிருந்தே கற்றுக்கொடுக்கிறார்கள். கூச்சப்பட்டு நோயாளியை நகரச் சொல்லாமல் தானே எக்கி எக்கி எடுப்பவர்களுக்குத்தான் தோள் முதலில் போகிறது.

“ஆன்லைனில் படித்துப் பரீட்சை எழுதிவிடலாம்”

பாடங்களில் ஒரு பகுதியை ஆன்லைனில் படிக்கலாம். ப்ரோப்பை ஆன்லைனில் பிடிக்க முடியாது. அமெரிக்காவில் சி.ஏ.ஏ.ஹெச்.இ.பி. அங்கீகாரம் பெற்ற படிப்பில் சேர்ந்தால் நேராகத் தேர்வுக்குப் போகலாம். பொதுவாக இரண்டாண்டு, ஏற்கெனவே மருத்துவத் துறைப் படிப்பு உள்ளவர்களுக்குச் சில இடங்களில் ஓராண்டு. அங்கீகாரம் இல்லாத இடத்தில் படித்தவர்களிடம் தேர்வு அமைப்பு பெரும்பாலும் பன்னிரண்டு மாத முழுநேர ஸ்கேன் அனுபவம் கேட்கிறது: வாரம் 35 மணி வீதம் 48 வாரம், 1,680 மணி நேரம். சான்று இல்லாதவரை அத்தனை மணி நேரம் எந்த மருத்துவமனை நோயாளியிடம் விடும்? சான்றுக்கு அனுபவம், அனுபவத்துக்குச் சான்று என்று மாட்டிக்கொண்டு நிற்பவர்களில் படித்த நம்மவர்களும் உண்டு. வெளிநாட்டில் மருத்துவம் படித்துவிட்டு அங்கே போனவர்களுக்குத் தேர்வு எழுதத் தனி வழி ஒன்று வைத்திருக்கிறார்கள். அதிலும் ஸ்கேன் எடுத்த அனுபவத்துக்கு அத்தாட்சி வேண்டும்.

அரசு லைசென்ஸ் கேட்கும் மாநிலங்கள் நியூ மெக்சிகோ, ஓரிகன் போலச் சிலவே. மற்ற இடங்களில் லைசென்ஸ் வேண்டாம் என்பதைப் பெரிய சலுகையாகச் சில கல்லூரி ஏஜென்ட்டுகள் சொல்வார்கள். லைசென்ஸ் கேட்காத மாநிலத்திலும் மருத்துவமனை சான்று கேட்கும். சான்றில்லாதவர் எடுத்த ஸ்கேனுக்குப் பல இன்சூரன்ஸ் கம்பெனிகள் பணம் தருவதில்லை. கல்லூரியில் கேட்க வேண்டியது இரண்டுதான். அங்கீகாரம் படிப்புக்கா, இல்லை கல்லூரிக்கு மட்டுமா? கிளினிக்கல் பயிற்சிக்கான மருத்துவமனையை அவர்களே ஏற்பாடு செய்வார்களா, மாணவரைத் தேடிக்கொள்ளச் சொல்வார்களா? இரண்டாவது கேள்விக்கு வாய்ச்சொல்லை ஏற்க வேண்டாம், மருத்துவமனையின் பெயரை எழுத்தில் கேளுங்கள்.