வீட்டு ஆர்.ஓ. மெஷின்: இரண்டாவது குழாய் எதற்கு?

ஆர்.ஓ. மெஷின் என்றால் அது ஒரு பெரிய வடிகட்டி, அழுக்கு உள்ளே தங்கிவிடும், நல்ல தண்ணீர் வெளியே வரும் என்றுதான் நம்மில் பலர் நினைத்துக் கொண்டிருக்கிறோம். அப்படியானால் ஒரு குழாய் போதுமே! சிங்க்குக்குள் தொங்கும் இன்னொரு மெல்லிய குழாய் எதற்கு? மெஷின் ஓடும் நேரமெல்லாம் அதில் தண்ணீர் ஏன் போய்க்கொண்டே இருக்கிறது? இந்த ஒரு கேள்விக்கு விடை தெரிந்தால் மெஷின் முழுவதும் விளங்கிவிடும்.

சவ்வூடு பரவல் பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். உலர்ந்த திராட்சையைத் தண்ணீரில் போட்டால் ஊதிக்கொள்கிறதல்லவா, அதேதான். தண்ணீரை விட்டு உப்பை விடாத ஒரு சவ்வை நடுவில் வைத்தால், உப்புக் குறைந்த பக்கத்திலிருந்து உப்பு மிகுந்த பக்கத்துக்குத் தண்ணீர் தானாகப் போகும். 1748-ல் பிரான்சில் நோலே என்ற பாதிரியார் பன்றியின் சிறுநீர்ப்பையை வைத்து இதைக் கண்டார். இந்தப் போக்கை நிறுத்தத் தேவையான அழுத்தம்தான் ஆஸ்மாடிக் பிரஷர். அதைவிடக் கூடுதலாக அழுத்தினால் தண்ணீர் எதிர்த்திசையில், அதாவது உப்புப் பக்கத்திலிருந்து நல்ல பக்கத்துக்கு வரும். தத்துவம் எளிதுதான், சவ்வுதான் கிடைக்கவில்லை. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப் என்பவரும், இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜனும் சேர்ந்து 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் செல்லுலோஸ் அசிடேட்டில் உருப்படியான சவ்வு ஒன்றைச் செய்தார்கள். இப்போது வீட்டு மெஷின்களில் இருப்பது பாலிஅமைடு சவ்வு.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். லிட்டருக்கு 1000 மில்லிகிராம் சாதாரண உப்பு கரைந்திருந்தால் ஆஸ்மாடிக் பிரஷர் ஏறக்குறைய 0.85 பார். கடல் நீருக்கு அது சுமார் 27 பார்! நம் மொட்டை மாடி டேங்க் குழாய்க்கு 5 மீட்டர் மேலே இருந்தால் கிடைக்கும் அழுத்தம் அரை பார்தான். இதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அதனால்தான் உள்ளே 24 வோல்ட்டில் ஓடும் சிறிய டயாபிரம் பம்ப் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அது 4 முதல் 6 பார் வரை ஏற்றிக் கொடுக்கிறது.

பம்புக்கு முன்னால் மணல், சேறு பிடிக்கும் பஞ்சு மாதிரியான ஃபில்டர் ஒன்று, கார்பன் ஃபில்டர் ஒன்று. கார்பன் வாடைக்காக மட்டும் என்று நினைக்க வேண்டாம். குளோரின் பட்டால் பாலிஅமைடு சவ்வு சிதைந்துவிடும். கார்பனை மாற்றாமல் காலம் தள்ளுபவர் கடைசியில் மெம்பரேனுக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிறார்.

இப்போது மெம்பரேன். பாயைச் சுருட்டி வைத்தது போல நடுக்குழாயைச் சுற்றிச் சவ்வைச் சுருட்டியிருப்பார்கள். சவ்வைக் கடந்த தண்ணீர் நடுக்குழாய்க்கு வந்து சேரும். கடக்காத தண்ணீர், தடுக்கப்பட்ட உப்பையும் சுமந்துகொண்டு மறுமுனை வழியே வெளியேறும். அதுதான் நம் இரண்டாவது குழாய்! உப்பு எங்கும் மாயமாகவில்லை. ஒரு தண்ணீர் இரண்டு தண்ணீராகப் பிரிந்திருக்கிறது, அவ்வளவே. 1000 டி.டி.எஸ். உள்ள 3 லிட்டர் தண்ணீரில் 3000 மி.கி. உப்பு இருக்கிறது. 100 டி.டி.எஸ்.-இல் 1 லிட்டர் நல்ல தண்ணீர் எடுத்தால், மீதி 2 லிட்டரில் 2900 மி.கி. அதாவது 1450 டி.டி.எஸ்.

இந்தப் பங்கைத் தீர்மானிப்பது ஃப்ளோ ரெஸ்ட்ரிக்டர் என்ற சுண்டுவிரல் அளவு சாமான். 75 ஜி.பி.டி. மெம்பரேன் நிமிடத்துக்குச் சுமார் 197 மி.லி. நல்ல தண்ணீர் தரும் என்பது அதன் சோதனை நிலைக் கணக்கு. ரெஸ்ட்ரிக்டர் 450 மி.லி. என்றால் நமக்குக் கிடைப்பது 30 சதவீதம்தான். "வேஸ்ட் தண்ணியைக் குறைச்சுத் தர்றேன்" என்று யாராவது சின்ன ரெஸ்ட்ரிக்டரை மாட்டினால் உஷாராக இருங்கள். 4 லிட்டரில் 3 லிட்டரைப் பிழிந்தால் மீதி 1 லிட்டரில் 3700 மி.கி. உப்பு நிற்கும். போர் தண்ணீரில் கால்சியமும் இருக்குமாதலால் சவ்வின்மேல் சுண்ணாம்பு போலப் படியும். மெம்பரேன் அடைபட்டு வீணாகும்.

ஆக, தண்ணீரை வெளியேற்றாமல் ஆர்.ஓ. இல்லை. குடம் கணக்கில் தண்ணீர் வாங்கும் தெருக்களில், இது நமக்கு வேண்டுமா என்று கேட்டுத்தான் மாட்ட வேண்டும். ஐ.எஸ். 10500 குடிநீர்த் தரத்தின்படி டி.டி.எஸ். 500 மி.கி. வரை ஏற்கத்தக்கது, வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 2000 வரை அனுமதி. 500-க்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்யும்படி தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019-ல் சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது. கோவையின் சிறுவாணித் தண்ணீரில் உப்பே குறைவு. அதற்குப் போய் ஆர்.ஓ. மாட்டுவதை என்னவென்று சொல்வது! கிருமிதான் பயம் என்றால் கொதிக்க வைத்தால் போதும். ஆனால் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் புளூரைடு கொதிக்க வைத்தால் போகாது. அங்கே ஆர்.ஓ. உண்மையிலேயே உதவும்.

விற்க வருபவர்கள் காட்டும் வித்தை ஒன்று உண்டு. இரண்டு டம்ளர்களில் கம்பிகளை விட்டுக் கரண்ட் கொடுப்பார்கள். குழாய்த் தண்ணீர் பழுப்பாகிவிடும், ஆர்.ஓ. தண்ணீர் தெளிவாக இருக்கும். "பாத்தீங்களா அழுக்கை!" என்பார்கள். அது அழுக்கே இல்லை. உப்புள்ள தண்ணீரில் மின்சாரம் பாய்வதால் இரும்புக் கம்பி கரைந்து வரும் நிறம். அவருடைய ஆர்.ஓ. டம்ளரிலும் ஒரு சிட்டிகை உப்புப் போட்டுத் திரும்பக் காட்டச் சொல்லுங்கள், அதுவும் பழுப்பாகும்! அவர் பையிலுள்ள டி.டி.எஸ். மீட்டரும் மின்கடத்தலைத்தான் அளக்கிறது. கிருமி அதற்குத் தெரியாது.

ஏற்கனவே மெஷின் உள்ள வீடுகளில் வெளியேறும் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்தால் தரை துடைக்கவும் கக்கூஸுக்கு ஊற்றவும் ஆகும். செடிக்குத் தினமும் ஊற்றினால் மண்ணில் உப்பு ஏறும். வீட்டில் மெஷின் இருப்பவர்கள் ஓர் அளவுக் குடுவையும் கைக்கடிகாரமும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு குழாய்களிலும் ஒரு நிமிடம் தண்ணீர் பிடித்து அளந்து, உங்கள் மெஷின் எத்தனை சதவீதம் தருகிறது என்று போட்டுப் பாருங்கள். டேங்க் நிரம்பி மோட்டார் நின்ற பிறகும் இரண்டாவது குழாய் சொட்டிக்கொண்டே இருந்தால், சோலினாய்டு வால்வு சரியாக மூடவில்லையா என்று முதலில் பாருங்கள்.