பொருளறிந்து அறுத்தல்

நுழையும்முன்

கருவியைக் கையாளும் திறன் உழைப்பால் வரும். கருவியைத் தேர்ந்தெடுக்கும் திறன் பொருளின் இயல்பை அறிவதால் வரும். மரத்தை நொடியில் அறுக்கும் மின்இரம்பம் இரும்பின்முன் ஏன் தோற்கிறது? அதனை இப்பாடம் விளக்குகிறது.

ஆறும் இரு பொருள்களும்

தருமபுரி மாவட்டத்து ஒகேனக்கலில் காவிரியைக் கடக்க உதவுவது பரிசல். மூங்கிலைப் பிளந்து, பின்னி, அடிப்புறத்தில் நீர்புகாத உறை போர்த்தி அதனை முடைவர். அதே காவிரியின் நீர், 2013ஆம் ஆண்டில் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் வழியே, புளோரைடு மிகுந்த நிலத்தடி நீரால் துன்புற்ற தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட மக்களைச் சென்றடைகிறது. ஆற்றைக் கடக்க மூங்கில். ஆற்றுநீரைக் கடத்த இரும்புக்குழாய். இரண்டையும் அறுத்தே ஆக வேண்டும். ஆனால், ஒரே கருவியால் அன்று.

பல்லும் வேகமும்

மரம் நார்களால் ஆனது. பெரிய, இடைவெளி மிகுந்த பற்கள் நாரை வெட்டித் தூளை வெளியே தள்ளுகின்றன. 184 மி.மீ. விட்டமுள்ள வட்ட இரம்பம் நிமிடத்திற்கு 5000 முறை சுழலும்போது, அதன் விளிம்பு நொடிக்கு ஏறத்தாழ 48 மீட்டர் விரைகிறது.

இரும்பு அவ்வேகத்தைத் தாங்காது. உராய்வு வெப்பத்தால் பற்களே மழுங்கிவிடும். எனவே, இரும்பை அறுக்கும் பட்டை இரம்பம் நொடிக்கு ஏறத்தாழ 1 மீட்டர் வேகத்தில் மட்டுமே ஓடுகிறது. அதன் பற்களும் சிறியவை, நெருக்கமானவை. அறுபடும் கனத்தில் குறைந்தது மூன்று பற்களேனும் பதிய வேண்டும் என்பது தொழிலாளர் கொள்ளும் விதி. 3 மி.மீ. கனமுள்ள குழாய்க்கு அங்குலத்திற்கு ஏறத்தாழ 24 பற்கள் தேவை. பல் பெரிதாயின், குழாயின் விளிம்பில் சிக்கி ஒடியும்.

பற்களே இல்லாத அறுப்புச் சக்கரமும் உண்டு. அஃது இரும்பை வெட்டுவதில்லை. தேய்த்துத் தேய்த்துப் பிளக்கிறது. தெறிக்கும் தீப்பொறியே அதற்குச் சான்று. மென்மையான அலுமினியமோ அச்சக்கரத்தின் துகள்களிடையே அப்பி, அதனைப் பயனற்றதாக்கிவிடும்.

மறைந்திருக்கும் இடர்

பட்டறைகளில் காணப்படும் சிறிய கைக் கிரைண்டர் நிமிடத்திற்கு ஏறத்தாழ 11,000 முறை சுழல்வது. அதில் மரம் அறுக்கும் பல்வட்டைப் பொருத்துவோர் உளர். பல் மரத்தில் சிக்கிய கணமே கருவி கையைவிட்டு எகிறும். விரலும் முகமும் அதற்கு இரையாகும். சில நிமிட நேரத்தைச் சேமிக்க முனைந்து வாழ்நாள் உழைப்பை இழப்பது அறிவுடைமையன்று. வட்டில் அச்சிடப்பட்ட வேக எல்லை கருவியின் வேகத்திற்குக் குறையாதிருத்தல் வேண்டும். காப்புறையைக் கழற்றுதல் கூடாது. கண்ணாடி அணிதல் வேண்டும். மரத்தூள் குவிந்த இடத்தில் இரும்பை அறுத்தலும் ஆகாது. ஒரு தீப்பொறி போதும், தூள் பற்றிக்கொள்ளும்.

வலிமை மிக்க கருவியே சிறந்த கருவி என்பது மயக்கம். பொருளுக்குப் பொருந்திய கருவியே சிறந்தது. அதனை அறிந்தவர் கையில் மூங்கில் பரிசலாகிறது, இரும்பு நீர்வழியாகிறது, கையும் பழுதின்றி வீடு திரும்புகிறது.

தெரிந்து தெளிவோம்

மூங்கில் மரமன்று, புல்லினத்தைச் சார்ந்தது. அதன் மேற்பரப்பில் சிலிக்கா மிகுதி. ஆதலின், மூங்கிலை அறுக்கும் இரம்பம் விரைவில் மழுங்கும்.

கற்பவை கற்றபின்

1. உம் ஊர்ப் பட்டறை ஒன்றில் பயன்படும் அறுப்புக் கருவிகளின் பெயர்களைத் திரட்டித் தமிழில் பட்டியலிடுக.
2. ‘பொருந்திய கருவியே சிறந்த கருவி’ – இக்கூற்றைப் பாடப்பகுதி கொண்டு நிறுவுக.